டி டிரைவ் சாருக்கு வந்த மெயில்கள்

பெங்களூரில் எங்கள் டி டிரைவ் சாரைவிட ஜாக்கிரதையான மனிதர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒக்கலிபுரத்தில் நாங்கள் வேலை பார்த்தது ஒரு சின்ன துணி ஏற்றுமதி அலுவலகம். அங்கே கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டவர். கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் மற்றதைத் தெற்கு வாசலிலும் விடுவார்.

"திருடன் ரெண்டு பக்கமும் அலையட்டும் குரு!" என்பார், பெங்களூர் வழக்கப்படி எங்களையெல்லாம் 'குரு' ஆக்கி.

பெரும்பாலும் அலைந்தது அவர்தான்.

அலுவலகத்துக்குப் புது ஹார்ட் டிஸ்குகள் வந்ததும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. எல்லோருடைய மெயில்களையும் பழைய சி டிரைவிலிருந்து புது டி டிரைவுக்கு மாற்றக் கிளம்பிவிட்டார்.

"சி-ங்கறது வாடகை வீடும்மா. எப்ப வேணா காலி பண்ணச் சொல்லும். டி-தான் சொந்த வீடு," என்றார் கணக்கு எழுதும் ஸ்டெல்லாவிடம்.

"நானே ஈஜிபுரால வாடகைக்கு இருக்கேன். என் மெயிலுக்குச் சொந்த வீடா சார்?"

"அதுவாவது நல்லா இருக்கட்டும்மா."

ஒவ்வொரு மேஜையிலும் பிரசங்கம் வேறு: "ஃபோல்டரை மாத்தினா மட்டும் போதாது. புரோகிராம்கிட்ட புது இடத்தைச் சொல்லணும். இல்லேன்னா அது பழைய இடத்துலயே போட்டுக்கிட்டு இருக்கும்."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. சார் தன் கம்ப்யூட்டரில் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்தார். அதற்குள் யாரோ பிரிண்டர் மாட்டிக்கொண்டதென்று கூப்பிட, புரோகிராமுக்குச் சொல்ல மறந்தே போனார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய ஒரே மகள் வேலைக்காக சிங்கப்பூர் போனாள். அவள் மெயில்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு உரக்கப் படித்துக்காட்டுவார். பாதி, திட்டுதான். அதைப் படிக்கும்போதுதான் முகம் மலரும்.

ஒருநாள் காலையில் அவருடைய சி டிஸ்க் டக் டக்கென்று அடித்து உயிரை விட்டது. "போனாப் போகட்டும் குரு, டி இருக்கே," என்று சிரித்தபடி வேறு டிஸ்க் மாட்டி டி-யைத் திறந்தார். நகல் எடுத்த நாள்வரை வந்த பட்டன் விலை இருந்தது, ஜிப் விலை இருந்தது. மகளின் மெயில் ஒன்றுகூட இல்லை. பாவம், அன்று அவர் சாப்பிடவே இல்லை.

"திரும்ப அனுப்பச் சொல்லுங்க சார்," என்றாள் ஸ்டெல்லா.

"அவ பாக்ஸ்ல இடம் பத்தாதும்மா. அனுப்பினதும் அழிச்சிடுவா."

மறுநாளிலிருந்து ஞாபகத்தில் இருந்ததை ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். "ஸ்டெல்லா, 'மைசூர்பாகு சாப்பிட்டீங்களா'ன்னா எழுதியிருந்தா?"

"'தின்னீங்களா'ன்னு சார். கோவமா இருந்தா."

"ஆமாமா, கோவம்தான்!" என்று சந்தோஷமாகத் திருத்திக்கொண்டார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மொத சம்பளம் வாங்கினன்னிக்கு என்ன எழுதினா குரு?"

எல்லோரும் யோசித்தோம். அது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போதும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அவள் அன்று என்ன எழுதினாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், டி டிரைவ் சார்.