கோதண்டத்துக்குக் கூட யாரு?

கேள்வித்தாளில் படுத்திருக்கும் நோயாளிக்குக்கூட மச்சான், மருமகள், ஒன்றுவிட்ட சித்தப்பா என்று ஒரு குடும்பத்தையே திரட்டிக் கொடுத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் என் அறையில்தான் இருந்தார். மயிலாப்பூரில், குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியின் பதிவேட்டில் அவருக்கு லட்சணமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் உபயோகித்ததில்லை. விடுதிப் பெண்களுக்கும், பால்காரருக்கும், வார்டன் மாமிக்கும் அவர் 'கூடயாரு அக்கா'.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. ஆற்றோர வீடுகளை இடித்தபோது அரசாங்கத்தார் அங்கிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் குடிவைத்துவிட்டார்கள். ட்யூட்டி முடிந்து அக்கா அங்கே போய்ச் சேர்வதற்கும் அடுத்த ட்யூட்டிக்குக் கிளம்புவதற்கும் நேரம் சரியாக இருந்ததால் விடுதிக்கு வந்துவிட்டார்.

அவருடைய வார்டில் ஏகப்பட்ட படுக்கைகள். வேலை நேரத்தில் நர்ஸ் அவர் ஒருவர்தான். அப்புறம் எப்படி வண்டி ஓடுகிறது என்றால், நோயாளியோடு கூட வந்து தங்கும் சொந்தக்காரர்களால்தான். ஆஸ்பத்திரி பாஷையில் அவர்களுக்கு அட்டெண்டர் என்று பெயர். புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு ஓடுவது எல்லாம் அவர்கள் பாடு. ஆகவே, புதிதாக ஒரு ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழைந்தால் அக்கா நாடி பிடிப்பதற்கு முன்னால் கேட்கும் கேள்வி: "கூட யாரு?"

வார்டுக்கு வெளியிலும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பத்தில் நாங்கள் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "இவரு கூட யாரு?" என்று அக்கா போட்ட சத்தத்தில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. ஒருவரும் சொந்தம் கொண்டாடவில்லை. அக்கா காத்திருக்கவில்லை. மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாளைக் காட்டி, "நீதான் இவருக்கு அக்கா. தலைய மடில வெச்சுக்கோ" என்றார். ஹெல்மெட்டோடு நின்ற ஒருவரைப் பார்த்து, "நீ மச்சான். ஓடிப் போய் சக்கர தூக்கலா டீ வாங்கினு வா" என்றார். மச்சான் ஓடினார். சர்க்கரை இறங்கி மயங்கிய அந்தப் பெரியவர் கொஞ்ச நேரத்தில் கண் விழித்தபோது அவருக்கு ஓர் அக்காவும் மச்சானும் ஐஸ்பெட்டிக்காரத் தம்பி ஒருவரும் கிடைத்திருந்தார்கள். பாவம், யார் யாரென்று தெரியாமல் அவர் எல்லோரையும் கும்பிட்டார்.

இப்பேர்ப்பட்டவர்தான் வெளிநாட்டு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். கணவர் வளைகுடாவில் டிரைவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தது, லீவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒன்றரை வருஷம் தேறாது. அதே ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் அக்காவுக்கு வேலை தயாராக இருந்தது. லைசென்ஸ்தான் பாக்கி. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார். "மூணாவது வாட்டியும் போச்சுன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். சொல்லும்போது துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒரே புடவையை மூன்று தடவை மடித்ததைப் பார்த்தேன்.

நான் தி. நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மருத்துவம் எனக்கு ஆகாது. ஆனால் இங்கிலீஷ் கடகடவென்று படிப்பேன். "எனக்குக் கண்ணால படிச்சா தூக்கம் வருது கண்ணு. காதால கேட்டாதான் ஏறும்" என்று பரீட்சை கைடைத் தூக்கி என் மடியில் போட்டார் அக்கா. தலையணையாக வைக்கலாம், அத்தனை தடிமன்.

முதல் கேள்வியிலேயே தகராறு. அறுபத்தெட்டு வயது ஆண், இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள், எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்கிறார். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்?

"கூட யாரு?" என்றார் அக்கா.

"போடவில்லை அக்கா."

"அத்த எப்டி போடாம வுட்டான்? பேராவது போட்டுகிறானா?"

"அறுபத்தெட்டு வயது ஆண். அவ்வளவுதான்."

"சரி, கோதண்டம்னு வெச்சுக்கோ. கோதண்டத்துக்கு ஒரு புள்ள இருப்பான். கீய கேண்டீனுக்குப் போய்க்கினான். அவன கூப்ட்டு, கைத்தாங்கலா புடிச்சுக்கச் சொல்லு."

அதே மாதிரி ஒரு விடையும் அங்கே இருந்தது: உறவினரை உதவச் சொல்ல வேண்டும். அக்கா அதில் குத்தினார். தப்பு. வலி இருக்கிறதா, தலை சுற்றுகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நர்ஸே பார்க்க வேண்டுமாம். அடுத்தது பக்கவாதம் வந்த பெண்மணி, சாப்பாடு வந்திருக்கிறது. அக்கா உடனே ஒரு மருமகளை ஏற்பாடு செய்து ஊட்டச் சொன்னார். தப்பு. நாற்பது கேள்வி முடிவதற்குள் கோதண்டத்துக்கு இரண்டு மகன்கள், ஒரு குடிகார மச்சான், பாலவாக்கத்தில் ஒரு சம்பந்தி என்று சத்திரம் நிரம்பிவிட்டது. மதிப்பெண்தான் நிரம்பவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கை கழுவுவது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், அதற்கு வரிசை உண்டு என்று கைடில் படம் போட்டிருந்தது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நுனி, மணிக்கட்டு. விடுதியில் இருப்பது ஒரே வாஷ்பேசின். காலை ஏழு மணிக்கு, பல்துலக்க ஒன்பது பெண்கள் பிரஷ்ஷும் வாயுமாக நிற்கும்போது அக்கா வரிசை தவறாமல் பயிற்சி செய்வார்.

"ஏண்டி, கால்மணியா கை அலம்பிண்டு நிக்கறியே, கல்யாணப் பந்தியா பரிமாறப் போறே? தண்ணி லாரி இன்னிக்கு வரலை தெரியுமோ?" என்று மாமி சமையலறையிலிருந்தே சத்தம் போடுவார்.

"இதுல ரெண்டு மார்க்கு கீது மாமி" என்பார் அக்கா, கட்டைவிரலைத் திருகிக்கொண்டே.

இவள் பாஸ் பண்ணிக் கிளம்பினால்தான் தன் டேங்க்கில் தண்ணீர் நிற்கும் என்று மாமிக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தானே வந்து அக்காவின் கட்டிலில் நீட்டிப் படுத்தார். "எனக்கு எழுபது வயசு. இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. எனக்கு யாருமே கிடையாது. நீ என்ன பண்ணுவே, சொல்லு" என்றார்.

"இன்னா மாமி இப்டி சொல்லிட்டீங்க? கே.கே. நகர்ல உங்க புள்ள கீறாரே!"

"இல்லேன்னு வெச்சுக்கோயேண்டி."

"கல்லாட்டம் கீறவர எப்டி மாமி இல்லன்னு வெச்சுக்கறது?"

மாமிக்கு நடிப்பில் வேகம் வந்துவிட்டது. முனகினார். "இருக்கான், இருந்து என்ன பிரயோஜனம்? நாலு மாசமா எட்டிப் பாக்கலை" என்று கண்ணை மூடிக்கொண்டார். நடிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா விறுவிறுவென்று வெளியே போனார். கை கழுவத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அரைமணிக்குள் மாமியின் மகன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். பின்னாலேயே மருமகள், கையில் ஃபிளாஸ்க். மாமி இன்னும் நோயாளியாகவே படுத்திருந்தார்.

"என்னம்மா ஆச்சு? ஆபரேஷன் எப்போ ஆச்சு?"

"ஒண்ணுமில்லைடா. பரீட்சைக்குப் படிச்சிண்டிருக்கோம்" என்றார் மாமி.

அக்காவை உலுக்கிக் கேட்டபோது, "மாமி படுத்துக்கினு கீறாங்க, இடுப்பு ஆபரேஷன்றாங்க, கூட யாரும் இல்லன்றாங்க, அப்டின்னுதான் போன்ல சொன்னேன். இதுல எது பொய்யி?" என்றார். மகன் அன்று சாயங்காலம் வரை இருந்து, வெங்காய பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மாமி மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் சமையலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது என் பொறுமை தீர்ந்தது. மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருந்த சாயங்காலம். கேள்வி இதுதான்: நாளைக்கு அறுவை சிகிச்சை, ஒரு பெண் படுக்கையில் அழுதுகொண்டிருக்கிறாள், நர்ஸ் என்ன செய்ய வேண்டும்?

"அவ அம்மாவ உள்ள வுடுவேன்."

கைடைப் பட்டென்று மூடினேன். "அம்மா கிடையாது அக்கா! மச்சான் கிடையாது, கேண்டீன் கிடையாது! போடவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம். இதற்காக இன்னும் எத்தனை வருஷம் இங்கேயே கிடக்கப் போகிறீர்கள்?" என்று கத்திவிட்டேன்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கொடியில் ஒரு கிளிப்பை எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "போன வருசத்துக்கு முன்ன வருசம் அவருக்கு அங்க வயித்துல ஆபரேஷன் ஆச்சு" என்றார். "இங்கேர்ந்து போன் போட்டு, கூட யாருன்னு கேட்டேன். யாரும் இல்லன்னுட்டாரு. கண்ட ஆளுங்களுக்கெல்லாம் சொந்தக்காரங்கள தேடிப் புடிக்கிறவ நான். எம் புருசனுக்கு ஒரு ஆள புடிக்க முடியல கண்ணு."

கைடை மடியில் வைத்துக்கொண்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "அப்போது அவருக்கு யார்தான் தண்ணி கொடுத்தது?"

"நர்ஸுதான். அந்தம்மாவே தண்ணி குடுத்து, மூஞ்சி தொடச்சு, தல வாரி வுட்டுச்சாம். யாரு பெத்த புள்ளையோ."

"அப்போது அங்கே அட்டெண்டர் இல்லை."

"இல்ல."

"நர்ஸ்தான் எல்லாம்."

அக்கா கிளிப்பை விட்டார். பிறகு என் மடியிலிருந்த கைடை வாங்கி, பக்கம் தேடி, அவரே கேள்வியை உரக்கப் படித்துவிட்டுச் சொன்னார். "அவ அழுவறா. கூட யாரும் இல்ல. நான் போயி பக்கத்துல ஒக்காருவேன். இன்னா பயம்னு கேப்பேன். சரியா பாரு."

சரியாக இருந்தது. கோதண்டத்தைத் திரும்ப எடுத்தோம். அவருடைய மகன்கள், குடிகார மச்சான், பாலவாக்கம் சம்பந்தி எல்லோரும் அன்று சாயங்காலமே ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கிழவரை அக்காவே கவனித்துக்கொண்டார். அப்புறம் தப்பு விழுந்ததெல்லாம் மருந்துக் கணக்குகளில் மட்டும்தான்.

பரீட்சை நாளன்று கூடப் போனேன். கம்ப்யூட்டர் மையத்தின் படிக்கட்டில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தில் வயிற்றுவலி என்று லீவு சொல்லியிருந்தேன். மூன்றாவது மணியில் மெய்யாகவே வலித்தது. அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு அக்கா?"

"உள்ள அத்தினி பேரும் தன்னந்தனியா வந்துக்கினு கீறானுங்க கண்ணு. ஒருத்தனுக்கும் நாதியில்ல. எல்லாரையும் நானே பாத்துக்கினேன்" என்றார். கையில் ஒரு காகிதம் இருந்தது. நான் பிடுங்கிப் பார்த்தேன். பாஸ். இரண்டு பேரும் அந்தப் படிக்கட்டிலேயே அழுதோம். நான் பொதுவாக அழுகிறவள் இல்லை.

இரண்டு மாதத்தில் அக்கா கிளம்பிப் போய்விட்டார். இப்போது விடுதி நிம்மதியாக இருக்கிறது. வாஷ்பேசின் காலியாக இருக்கிறது, டேங்க்கில் தண்ணீர் நிற்கிறது, சாயங்காலங்களில் என்னை யாரும் எதையும் படிக்கச் சொல்வதில்லை. சௌகரியம்தான்.

போன வாரம் மாமி, அக்காவின் கட்டிலைக் கொடுப்பதற்காக, புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "அந்தக் கட்டில் கால் ஆடுகிறது மாமி. படுத்தால் விழுந்துவிடுவாள்" என்றேன். மாமி உள்ளே வந்து கட்டிலின் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பழைய தேக்கு. இம்மியும் அசையவில்லை. இன்னொரு தடவை ஆட்டினார். என்னைப் பார்த்தார்.

"ஆமாண்டி, ரொம்பத்தான் ஆடறது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணை மாடி அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.