குரோமியச் சிக்கல்

மனிதகுலம் பொலித்தீனை வென்றது எந்த நாளில் என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் தேடும்போது, அவர்கள் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வேலணையில் இறங்கியே ஆகவேண்டும். வென்றது எங்கள் தீவக அறிவியல் எழுச்சிக் கழகம். அதன் கூட்டக் குறிப்புகளை எழுதும் செயலாளர் நான்.

எங்கள் தீவின் நாரந்தனை ஊர்ப் பிள்ளை பவதாரணி வெளிநாட்டில் இரசாயனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று விடுமுறையில் வந்திருந்தார். விடுவோமா? பொன்னாடை போர்த்தி மேடையேற்றினோம். அவர் பேசிய தலைப்பு 'ஒலிபீன் பல்பகுதியமாக்கலில் குரோமியச் சிக்கல்கள்'. எதிலீன் வாயுவின் சின்னஞ்சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் பொலித்தீன் வருமாம். அந்தக் கோக்கிற வேலையைச் செய்விக்கும் ஊக்கிதான் குரோமியம். ஒரு சிட்டிகை போதுமாம்.

இரசாயனத்தில் 'சிக்கல்' என்றால் ஓர் உலோக அணுவைச் சுற்றி வேறு அணுக்கள் பிணைந்திருக்கும் சேர்வை. இதை அவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னாராம். அப்போது தேநீர் வந்துகொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற அதிபரும் எங்கள் தலைவருமான மார்க்கண்டு ஐயா நன்றியுரைக்கு எழுந்தார். "பொலித்தீன் சிக்கலுக்கு மூலகாரணம் குரோமியம் எண்டு பிள்ளை தெளிவாச் சொல்லிப்போட்டா. இனித் தீவிலை அது இருக்கப்படாது" என்றார். குரோமியம் எதில் எதில் இருக்கிறது என்றும் கேட்டார். பவதாரணி வெள்ளை மனதோடு பதில் சொன்னார்: மினுக்குப் பூச்சுப் பூசிய தண்ணீர்ப் பைப்பில், சைக்கிள் கைபிடியில், துருப்பிடிக்காத இரும்பில். அவையெல்லாம் பொலித்தீன் செய்யமாட்டா என்று அடுத்த வசனத்தில் சொன்னாராம். கைதட்டலில் எனக்கு அது கேட்கவில்லை. ஆகவே குறிப்பில் இல்லை.

மறுநாளே 'குரோமியமற்ற தீவகம்' தொடங்கியது. தொண்டர்கள் வீடுவீடாகப் போய், துருப்பிடிக்காத இரும்பாலான சில்வர்ப் பானை, சட்டி, கரண்டி எல்லாவற்றையும் 'பொறுப்பேற்றனர்'. பொதுமக்கள் சிரமப்படக்கூடாதே! ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு பேசினும் கொடுத்தோம். கீறல் விழாதிருக்க அவற்றைப் பொலித்தீனில் சுற்றியே கொடுத்தோம்.

ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி சவிரிமுத்து மட்டும் சரித்திரத்துக்கு ஒத்துழைக்கவில்லை. திருத்துவதற்காகக் கழற்றி வைத்திருந்த அவருடைய படகு எஞ்சினின் சுழல்தண்டை, அவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் தொண்டர்கள் எடுத்து வந்துவிட்டனர். துருப்பிடிக்காத இரும்பல்லவா? மீன் நன்றாகப் படுகிற காலம். மற்றவர்கள் கடலுக்குப் போய்வர, அவருடைய படகு கரையில் காய்ந்தது. அவர் தினமும் வந்து கேட்டார். நான் தினமும் அவருடைய மனுவில் 'பரிசீலனையில்' என்று அழகாக எழுதிவைத்தேன்.

ஐந்தாம் நாள் அவர் மனைவி ஞானசவுந்தரியோடு கூட்டத்துக்கே வந்துவிட்டார். நடந்ததைக் கேள்விப்பட்ட பவதாரணியும் கூட வந்தார்.

"எனக்கு விஞ்ஞானம் தெரியாது ஐயா," என்றார் சவிரிமுத்து. "அஞ்சு நாளா வீட்டிலை ஒழுங்கா உலை வைக்கேல்லை."

"வைக்கப் பானையும் இல்லை," என்றார் ஞானசவுந்தரி. "நீங்கள் தந்த பேசினை அடுப்பிலை வைக்கேலாது."

பவதாரணி முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கினார். தன் பேச்சால் ஒரு குடும்பம் பட்டினி கிடப்பதைத் தாங்கமுடியவில்லை என்றும் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டார். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் கொள்கை என்னாவது என்று சொல்லிப் பெருந்தன்மையோடு புன்னகைத்தார்.

பவதாரணி அந்தப் புன்னகையையே பார்த்தபடி நின்றார்.

"ஐயா, உங்கட கட்டுப்பல்லைத் தாங்குற கம்பியும் குரோமியம் கலந்ததுதான். பானையிலை இருக்கிறதைவிட அதிலை கூடுதல்."

சவிரிமுத்து மண்டபத்தில் அடுக்கிக் கிடந்த பேசின்களில் ஒன்றை எடுத்து, இரு கைகளாலும் மரியாதையாகத் தலைவர் முன் நீட்டினார்.

மார்க்கண்டு ஐயா கொள்கைவாதி. எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பல்லைக் கழற்றிப் பேசினில் வைத்தார். வைத்துவிட்டு, கையை வீசி வீசி நீண்டதோர் உரை ஆற்றினார். காற்று மட்டும் வந்தது.

"எல்லாற்றை சாமானையும் திருப்பிக் குடுக்கட்டாம்," என்றார் ஞானசவுந்தரி.

தலைவர் இரு கைகளையும் பலமாக ஆட்டினார். அதை ஆமோதிப்பு என்று பதிந்துகொண்டேன். எதிர்ப்பு யாரிடமிருந்தும் வரவில்லை. மண்டபத்தில் குவித்திருந்ததிலிருந்து சனம் தன் தன் பானைகளைத் தேடி எடுத்தது. அன்று பின்னேரமே பவதாரணி எஞ்சினைப் பிடித்துக்கொடுக்க, சவிரிமுத்து தண்டைப் பூட்டிக் கடலுக்குப் போனார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று தலைவர் பேசியதில் ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை என்பது உண்மைதான். பல்லோடு பேசியபோதும் விளங்காமல்தானே ஊரின் உலைப்பானைகளைத் தூக்கி வந்தோம்.