வாரியல் அண்ணாச்சி கடையில் துடைப்பம் கிடையாது

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பொருளை விற்கக் கூடாது என்பதற்காகக் கடை நடத்தும் ஒரே வியாபாரி கொட்டாரம் வாரியல் அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும் தெரியும்.

செங்கல்பட்டிலிருந்து வேலை மாற்றலாகிப் போய், அவருடைய மளிகைக் கடை மாடியில் குடியேறிய அன்றே மாட்டிக்கொண்டேன். வீட்டைக் கூட்டத் துடைப்பம் கேட்டேன்.

"அப்படி ஒரு சாமான் இங்க இல்ல."

அவர் தலைக்கு மேலேயே கட்டுக் கட்டாகத் தொங்கியது. கையைக் காட்டினேன்.

"அது வாரியல்லா!"

"சரி, அதைக் குடுங்க."

"எத?"

"அதைத்தான்."

"பேரச் சொல்லும், தாறேன்."

சொன்னேன். பெற்ற பிள்ளை முதல் வார்த்தை பேசியதுபோல் அவர் முகம் மலர்ந்தது.

மறுநாள் காப்பிக்குச் சர்க்கரை கேட்டால் வெல்லத்தைப் பொட்டலம் கட்டித் தந்தார். சண்டைக்குப் போனேன். "நீரு கேட்டதத்தான தந்தேன்? வெள்ளையா இருக்கது சீனியாக்கும்" என்றார். ஒருமுறை சுற்றுலா வேனில் வந்தவர்கள் மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ் கேட்டார்கள். "மரச்சீனி" என்று சொல்லாமல் ஒரு பாக்கெட்டும் நகராது என்றுவிட்டார். மொத்த வேனும் ஒரே குரலில் "மரச்சீனி, மரச்சீனி" என்று முழங்க, தெருவில் போனவர்கள் ஏதோ தேர்தல் பிரசாரம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்த மனிதருக்கு சுபா என்று ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை. உடன் வேலை செய்யும் பெருந்துறைப் பையன் மேல் பிரியம். பையன் வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சுபா மாடிக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, அப்பா வாய நாளைக்கு ஒருநாள் மட்டும் அடக்கி வையுங்க. இது முறிஞ்சா எனக்கு வேற கல்யாணமே வேண்டாம்."

அண்ணாச்சியிடம் சத்தியமே வாங்கிவிட்டேன்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பதற்றத்தில் மாப்பிள்ளை சிப்ஸ் தட்டைக் கவிழ்க்கும்வரை. பையனின் அம்மா எழுந்தார். ஊரில் அவருக்கும் ஒரு மளிகைக் கடை.

"ஒரு சீமாறு குடுங்க, நானே கூட்டிடறேனுங்க."

நான் அண்ணாச்சியின் தொடையைக் கிள்ளினேன். வீண்.

"அது வாரியலாக்கும்."

"இருக்கட்டுங்க. எனக்கு அது சீமாறுங்க."

"இங்க அதுக்குப் பேரு வாரியல்."

"எந்த ஊருக்குப் போனாலும் நான் சீமாறுலதானுங்க கூட்டுவேன்."

அண்ணாச்சி வாரியலைக் கொண்டுவந்தார், கையை விடவில்லை. அந்தம்மாவும் மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். அப்படியே சண்டை கடைக்குள் இறங்கியது. இவர் வத்தல் என்றால் அவர் வரமொளகா என்றார். இவர் மரச்சீனி என்றால் அவர் குச்சிக்கிழங்கு என்றார். சொளவை எடுத்துக் காட்டினால், "மொறத்தைக் கீழ வைங்க" என்றார். அடுப்படியில் சுபா அழுதுகொண்டிருந்தாள்.

திடீரென்று அண்ணாச்சி சொளவைக் கீழே வைத்தார்.

"போதும். நாள் குறிச்சிருவோம்."

அவர்கள் கார் கிளம்பியதும், என்ன இப்படி என்று கேட்டேன்.

"பொண்ணு கேட்டு வந்த எடத்துலயும் ஒரு சொல்ல விட்டுக் குடுக்கலியே அந்தம்மா! தன் பேச்சுக்கு இவ்வளவு மல்லுக்கு நிக்கவ, எம்பிள்ள பேச்சப் புடுங்கமாட்டா மக்கா."

சுபா கல்யாணமாகிப் பெருந்துறைக்குப் போனாள். நானும் மாற்றலாகி வந்துவிட்டேன். போன மாதம் குமரிக்குப் போன வழியில் கடையில் இறங்கினேன். நான் நிற்கும்போதே ஒரு வேன் டிரைவர் வந்தார். வண்டிக்குள் கடற்கரை மணலாம்.

"சீமாறு இருக்குங்களா?"

பாடம் ஆரம்பமாகும் என்று சாய்ந்து நின்றேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"எந்த ஊரு?"

"பெருந்துறைப் பக்கங்க."

"எம்பிள்ளயும் அங்கதான் இருக்கா" என்றார். வேன் திரும்பி மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு தொடப்பம் குடுங்க."

"லேய், இத்தன வருசம் இங்க கெடந்தும் தொடப்பமா? வாரியல்னு சொல்லுல!"

அவர் சீறியதைக் கேட்டபிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.