ரஜாய்க் கோட்டையில் கடைசி வரி பாடிய படலம்

வாழி அகிலா. வாழி அவள் குரல்நாண். வங்கத் தலைநகரின் லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பித்தூளும் விற்கும் மூக்கையாவின் குலத்தில் முதன்முதலாகப் பட்டமளிப்பு அங்கி தரித்து, அதில் பட்ட வியர்வை உலருமுன்னரே 'வேலைக்குப் போகமாட்டேன், பாட்டெழுதிப் பாடுவேன்' என்று முரசறைந்த அம்மூர்க்க மங்கை நீடு வாழி. எழுதுபவளும் அவளே, மெட்டமைப்பவளும் அவளே, கிதார் மீட்டுபவளும் அவளே, ஒலிப்பதிவு செய்பவளும் அவளே. கேட்பவளும் பெரும்பாலும் அவளே.

கரியாஹாட் அருகே ஓர் அரங்கில், சொந்தப் பாட்டுக்காரர்களுக்கென்று ஒரு மாலை நடக்கவிருந்தது. பாட்டை அனுப்பக் கடைசி நேரம் அன்று மாலை ஆறரை. தேர்வானால் மேடை, ஆகாவிட்டால் பேங்க் பரீட்சைக் கோச்சிங். தந்தை மூக்கையாவும் மகளும் சோற்றுத்தட்டைச் சாட்சியாக வைத்துச் செய்த உடன்படிக்கை இது. சென்ற ஆண்டு அனுப்பிய பாட்டு 'வீட்டு இரைச்சல் அதிகம்' என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. இரைச்சலே இல்லாத வீடு எவருடையது, அங்கே சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் எவர் என்று வினவி அவள் இயற்றிய மறுமொழி, வசைபாடலின் சிகரம். நல்லவேளை, அனுப்பவில்லை.

பாட்டு முழுவதும் பதிவாகிவிட்டது, கடைசி வரி ஒன்று நீங்கலாக. அதன்பொருட்டே அந்த மே மாதத்து மாலையில், துணி காயப்போடும் இரும்புத்தாங்கியைத் தூணாக நாட்டி, குளிர்காலத்துப் பஞ்சுப்போர்வையாம் ரஜாய் இரண்டை மதிலாகத் தொங்கவிட்டு, நடுவே மைக்கை நிறுத்தி, மின்விசிறியெனும் காற்றரசனைச் சிறைப்படுத்தி, குளிர்பெட்டியின் உறுமலை அதன் பிளக்கோடு பிடுங்கியெறிந்து, உலைக்களத்து இரும்பெனக் கனன்று கோட்டைக்குள் புகுந்தாள் கோதை. மணி ஐந்தே கால்.

முதற்பகை கீழ்ச்சந்தில் எழுந்தது. 'மாச்ச்' என்று மீன்காரர் விடுத்த நெடுங்குரல், வேலெனப் பாய்ந்து இரு ரஜாய்களையும் துளைத்து வரியின் நட்டநடுவில் தைத்தது. அவர் மூன்று வீட்டாரிடம் ரூய் மீனை வெட்டிக் கொடுத்து, நான்காம் வீட்டாரிடம் வாதிட்டு, வெற்றிநடை போட்டு அகலும்வரை நம் வீராங்கனை பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

அடுத்த பகை அகப்பகை. அன்னை கல்யாணி கூடத்தில் அமர்ந்து, தூத்துக்குடியிலிருக்கும் தன் அக்காளோடு தொலைபேசினாள். தொலைபேசி இல்லாமலே எட்டிவிடும் குரலில். மதிலை விலக்கித் தலைநீட்டிய அகிலா ஆணை பிறப்பித்தாள்.

"எம்மா, ஒரு அரை மணி நேரம். மூச்சு கூட விடாத."

"மூச்சு விடாம எப்பிடிளா இருக்கது? நீ பாடுததுக்கு நான் சாவணுமா?"

பின்னர் எழுந்ததோ பகைகளுக்கெல்லாம் பெரும்பகை. மணி ஆறேகாலைத் தாண்டிவிட்டது. அந்தி சாயும், மேல்மாடி வங்காளச் சித்தி ரஞ்சனா காகிமா விளக்கேற்றி மும்முறை சங்கூதுவார், அதற்கு எதிர்வீடும் பக்கத்துவீடும் பதில் ஊதும். படிகளை மும்மூன்றாகத் தாவி ஏறிய அகிலா, வியர்வை சொட்டச்சொட்டத் தன் விண்ணப்பத்தை வங்காள மொழியில் சமர்ப்பித்தாள். காகிமா அவளை மேலும் கீழும் பார்த்தார். குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்த பெண் என்று எண்ணியிருக்கக்கூடும்.

"பாஞ்ச் மினிட், மா," என்றார். "டாக்குர் சாமி எனக்காகக் காத்திருப்பார். அதற்கு மேல் உனக்காக எதற்கு?"

ஐந்து நிமிடம். இறங்கினாள், புகுந்தாள், பாடினாள். அடடா, அந்த வரி. காகம் கரையவில்லை, ஆட்டோ அலறவில்லை, கல்யாணி கரண்டியை வைக்கும் ஓசையுமில்லை. நாற்பது தடவை வழுக்கிய அந்த உச்ச சுரத்தில், மலைமுகட்டில் நின்ற வரையாடென நின்றது அவள் குரல். கண்ணீரும் வியர்வையும் கலந்து வழிய, வெற்றித்திருமகள் வெளிவந்து இயர்போனை மாட்டிக் கேட்டாள்.

கிணற்றின் ஆழத்திலிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது அவள் குரல். அதன்மேல், காதோடு காதாக, பளிங்குத் தெளிவில் ஒரு கிசுகிசுப்பு:

"இல்லக்கா, அழல. பாடுதா. ரஜாயைப் போத்திக்கிட்டுப் பாடுதா. காய்ச்சல்லாம் இல்ல, தொட்டுப் பாத்துட்டேன்."

அந்த மைக்குக்கு ஒரு முகம், ஒரு முதுகு. முகத்துக்கு நேரே பாடினால் மூச்சும் கேட்கும். முதுகுக்குப் பாடினால் முறையீடு எடுபடாது. மாடிக்கு ஓடும் அவசரத்தில் தோள் இடித்து அது திரும்பிவிட்டதை, ஒலிப்பதிவுத் துறையின் தலைவியும் கடைநிலை ஊழியையுமான அகிலா கவனிக்கவில்லை. வில்லைத் தலைகீழாகப் பற்றி அம்பெய்த வீரனென, தன் வாழ்நாளின் மிகச்சிறந்த வரியை அந்த முதுகுக்குப் பாடி முடித்திருந்தாள். முகமோ கதவைப் பார்த்திருந்தது. கதவில் சாய்ந்தபடி கல்யாணி.

மணி ஆறு இருபத்தைந்து. மைக்கைத் திருப்பினாள். வாய் திறந்தாள். சொன்ன சொல் தவறாத காகிமா, ஐந்தாம் நிமிடத்தின் கடைசி நொடி தீர்ந்ததும் சங்கை வாயில் வைத்தார்.

குருதி கொதித்தது அகிலாவுக்கு. ஊதுங்கள், எல்லோரும் ஊதுங்கள் என்று உள்ளுக்குள் உறுமியவள் நிறுத்தவில்லை. மேல்மாடி முழங்க, எதிர்வீடு முழங்க, தெருவே குருக்ஷேத்திரமென அதிர, அத்தனை சங்கொலியையும் பிளந்துகொண்டு அந்தக் கடைசி வரியைப் பாடினாள். கெஞ்சலாக எழுதிய வரி சண்டையாக வெளிவந்தது. கேட்டுப் பார்க்க நேரமில்லை, வேண்டியதுமில்லை. அதுதான் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டோடு ஒட்டி, படிவத்தைத் திறந்து, கோப்பை ஏவினாள். நாற்பது சதவீதம், எழுபது, தொண்ணூற்றொன்று; ஏகாக்கிரச் சித்தத்தோடு, இமையாத விழிகளோடு, திரையையே எரித்துவிடுவாள் போல நோக்கியிருந்தாள். தொண்ணூற்றாறில் மணி ஆறரை அடித்தது; படிவம் மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அகிலா பாலிகஞ்ச் பஸ்ஸில் ஏறி கோச்சிங் கிளாஸுக்குப் போனாள்.