முகாம் படத்தைப் பெரிதாக்குகிறவர்

கைப்பேசித் திரையில் இரண்டு விரலை வைத்து அகட்டி அகட்டிப் பார்த்து, நடுநடுவே பெருமூச்சு விடுகிற ஒருவரை எங்கேயாவது கண்டால் தயவுசெய்து தொந்தரவு செய்யாதீர்கள். அவருக்குக் கடன் தொல்லை இல்லை, பல்வலி இல்லை. பிள்ளை முகாமுக்குப் போயிருக்கிறது. அவ்வளவுதான். படம் பெரிதாக்குகிறவர் என்கிற இனத்தைச் சேர்ந்தவர் அவர்.

பள்ளிக்கூடங்கள் இப்போதெல்லாம் பாடத்தோடு நிற்பதில்லை. பிள்ளைகளின் மனமும் உடம்பும் நன்றாக இருக்கவேண்டும் என்று மரங்களுக்கு நடுவே கொண்டுபோய்ச் சில நாள் தங்கவைக்கிறார்கள். கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, ஏரியில் துடுப்புப் போட விட்டு, மதியச் சாப்பாட்டுக்குக் காய்கறியை அவர்களையே நறுக்கச் சொல்லி, நறுக்கியதை அவர்களையே தின்னவும் வைக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. பிள்ளைகளின் மனப்பாரமெல்லாம் இறங்கிவிடுகிறது. இறங்கி எங்கே போகிறது என்கிறீர்களா? நேராக வீட்டுக்குத்தான் வருகிறது.

எப்படி வருகிறது? படமாக வருகிறது. முகாம் டீச்சர் பாவம், பெற்றோர் நிம்மதியாக இருக்கட்டும் என்று தினம் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். எல்லாத் தலையிலும் ஒரே மஞ்சள் தொப்பி. நம்மவர் அதில் தன் பிள்ளையைத் தேடிப் பிடிப்பார், பெரிதாக்குவார், மறுபடியும் பெரிதாக்குவார், மூக்கு மட்டும் திரை முழுக்க நிற்கும்வரை விடமாட்டார், பிறகு தீர்ப்பு சொல்வார். பிள்ளை ஓரமாக நின்றால், “யாரும் சேத்துக்கல போல.” நடுவில் நின்றால், “நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது பாரு.” சிரித்தால், “வாய்தான் சிரிக்குது, கண்ணு சிரிக்கல.” தட்டில் சாப்பாடு இருந்தால் சாப்பிடவில்லை, தட்டு காலியாக இருந்தால் போடவில்லை. இவரை எந்தப் படத்தால் திருப்திப்படுத்த முடியும்?

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் இந்த இனத்தில் அசல் ரகம். எங்களுடையது வாகனக் காப்பீட்டு நிறுவனம். மோதி நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்து, எது புது ஒடுக்கு, எது பழைய ஒடுக்கு என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘ஒடுக்கு’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’ சேர்த்துக்கொள்வோம். பகலெல்லாம் ஒடுக்குத் தேடுகிற கண் சாயங்காலம் மகளின் படத்தைப் பார்த்தால் வேறென்ன தேடும்?

முகாமின் இரண்டாம் நாள் படம் சாப்பாட்டு மேசையில் எடுத்தது. மறுநாள் காலை என் மூக்குக்குக் கீழே கைப்பேசியை நீட்டினார்.

“பாருங்க சார். அழுதிருக்கா.”

பார்த்தேன். பெஞ்சின் கடைசியில் நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு மஞ்சள் தொப்பி.

“முகமே தெரியலையே சார்?”

“பெத்தவனுக்குப் பின்கழுத்து போதும். என் வீட்டுக்காரியும் உங்கள மாதிரியேதான் கேட்டா. என்ன பெரிசா பாத்துட்டா, தூங்கப் போயிட்டா!”

படத்தின் நடுவில் இன்னொரு பிள்ளை இருந்தது. தொப்பி கண்வரை இறங்கி, காதிலிருந்து காதுவரை பீட்ரூட் அப்பி, கரண்டியை உயரத் தூக்கிக்கொண்டு, உள்நாக்குத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. “இது யார் வீட்டு வானரமோ. இது பக்கத்துல இருந்தா என் பொண்ணு தொண்டையில சோறு இறங்குமா?” என்று அந்தப் பகுதியை விரலால் ஒதுக்கித் தள்ளினார்.

உடனே டீச்சருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டிவைத்தார்.

“எல்லாரும் நல்லா இருக்காங்க சார்.”

“எல்லாரும் கெடக்கட்டும், என் பொண்ணு?”

“எல்லாருக்குள்ளதான சார் அவளும் இருக்கா? நாளைக்கு மதியச் சாப்பாடு அவ குழுதான் செய்யுது. அவதான் தலைவி. ரெண்டு நாளா அதையேதான் பேசிக்கிட்டிருக்கா.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கேட்டீங்களா? சின்னப் பிள்ளைய அடுப்படியில போட்டு வேலை வாங்குறாங்க. அவ புலம்பிக்கிட்டே இருக்காளாம். நாளைக்குக் காலையில போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

அந்தக் குழந்தை ஆசை ஆசையாகக் காத்திருக்கும் ஒரே ஒரு மதியத்தில், இந்த மனிதர் அவளை வாரிச் சுருட்டிக்கொண்டு வரப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே? கடைசியில், தனியே விட்டால் டீச்சரோடு சண்டையே போட்டுவிடுவார் என்று பயந்து, என் வண்டியில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். அவருடைய வண்டி ஒடுக்கு எடுக்கப் போயிருந்தது. பின் இருக்கையில் ஸ்வெட்டர், தைலம், பை நிறைய சிப்ஸ்.

முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்ததும் ஒடுக்கு சார் நேராகப் பெஞ்சின் கடைசியில் இருந்த மஞ்சள் தொப்பியிடம் ஓடினார். தோளில் கை வைத்தார்.

“கண்ணம்மா, அப்பா வந்துட்டேன்டா. இனிமே பயமில்ல.”

கண்ணம்மா திரும்பினாள். பையன். வாய் நிறைய வெள்ளரிக்காய். அரும்பு மீசைகூட இருந்தது.

“அங்கிள், தட்டு கழுவுற இடம் அந்தப் பக்கம்” என்றான்.

அப்போது சமையல் பக்கமிருந்து ஒரு கூச்சல். அந்தப் படத்து வானரம், இன்றும் பீட்ரூட் முகத்தோடு, கரண்டியைச் சுழற்றியபடி நான்கைந்து பேரை அதட்டிக்கொண்டு வெளியே வந்தது. எங்களைப் பார்த்ததும் சட்டென்று நின்றது.

“அப்பா?”

ஒடுக்கு சார் பெஞ்சுப் பையனின் தோளிலிருந்து கையை எடுத்தார். வண்டியின் பழைய கீறலைப் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுகிற மனிதர், பெற்ற மகள் வயிறு குலுங்கச் சிரித்ததை அடையாளம் தெரியாமல் ஒதுக்கித் தள்ளியிருந்தார்.

“என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?” என்று கேட்டாள் மகள். சிரிப்பு போய்விட்டது. கரண்டி கீழே இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. “இன்னிக்கு எங்க சமையல்ப்பா...”

முந்தின நாளிலிருந்து அவர் தேடிய சோகமுகம் இதோ, கைக்கெட்டும் தூரத்தில். பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

“சேச்சே! யார் சொன்னா? நான் சும்மா... இந்தப் பக்கம் ஒரு வண்டியைப் பாக்க வந்தேன்.”

“எந்த வண்டி?”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் வண்டியைக் காட்டினார். “இவரோடதுதான். காட்டுக்குள்ள வச்சுப் பாத்தாதான் ஒடுக்கு சரியா தெரியும்னாரு.”

பழி என் மேல் விழுந்தது. பரவாயில்லை, குழந்தையின் முகம் தெளிந்துவிட்டது. எங்களுக்கும் ஆளுக்கொரு தட்டு வந்தது. கேரட் கொஞ்சம் வேகவில்லை. அவர் முழுவதையும் மென்று முழுங்கினார். “சிப்ஸையெல்லாம் கொண்டுபோயிடுங்கப்பா, எங்க மானம் போயிடும்” என்று மகள் வண்டிவரை வந்து வழியனுப்பிவிட்டு ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் அவர் கைப்பேசியைத் தொடவே இல்லை. சிப்ஸைக் கொறித்துக்கொண்டே வந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஊர் நெருங்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

“நான் கிளம்புறேன்னதும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, கவனிச்சீங்களா? வீட்டுல அவளுக்கு ஏதோ குறை இருக்கு சார்.”

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நமக்கு இந்த வியாதி இல்லை, நம் பிள்ளை முகாமுக்கே போகவில்லை என்றுதானே நிம்மதி? சாயங்காலம் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வாசலில் வந்து நிற்கும். அதன் பையை வாங்குவதற்கு முன்னால், “ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலையா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதுவரை அந்த முகம் நன்றாகத்தான் இருந்தது.