பூஞ்சை மாமா கொண்டுவந்த புடவை

காஞ்சிபுரத்தில் இத்தனை கோயில்கள் இருந்தும், ஒன்றில்கூட மூலவரைப் பார்க்காமல் மதில் சுவரை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் பூஞ்சை மாமாதான். என் அம்மாவின் தம்பி, காலேஜில் தாவரவியல் வாத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கோயில் கல்லில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி இருக்குமே, விளக்குப் புகை என்று நாம் நினைப்போமே, அதுதான் மாமாவுக்கு உயிர். "பொகை இல்லமா, பூஞ்சை. கல்லுக்குள்ள குடித்தனம் பண்ணிக்கினு இருக்குது" என்பார். பிளேடால் துளி சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைப்பார். அடியிலுள்ள கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி, சிவப்பு, நீலம் என்று வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் சொருகுவார். அந்தக் கறுப்பு எந்த வெளிச்சத்தை விழுங்குகிறது, எதை விடுகிறது என்று பார்த்தால் அது என்ன நிறமி என்று பிடித்துவிடலாமாம். "நம்ம தலைமுடில இருக்குற மெலனின்னுதான் நெனைக்கிறேன். எம்மாம் வெயில் அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது."

ஆராய்ச்சி நடக்கட்டும். அவரோடு தெருவில் நடக்க வேண்டியவள் நானல்லவா! ஒரு பிரதோஷக் கூட்டத்தில் மாமா பிரகாரச் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோது, காவல்காரர் கையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், கல்லைப் பேத்துக்கினு போறியா?"

"பூஞ்சை எடுக்கறேன்பா. சந்தேகமா இருந்தா, தோ நிக்குதே என் அக்கா பொண்ணு, அதைக் கேளு."

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. என்னோடு படித்த பெண்களும் அதில் இருந்தார்கள். நான் "ஆமாங்க" என்றது எனக்கே கேட்கவில்லை. வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனேன்.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களில் தாய்மாமன் சீர்ப்புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறை ஏற வேண்டும். "அரக்குல எடுடா" என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். கல்யாணத்தன்று மாமா தாம்பாளத்தோடு வந்து, சபை நடுவே புடவையைப் பிரித்தார்.

அட்டக் கறுப்பு. ஜரிகை மட்டும் பளபளவென்று சிரித்தது.

"இன்னாயா, கல்யாணத்துக்கு வந்தியா, எழவுக்கு வந்தியா?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "நமக்கு இது சரிப்படாது. கெளம்புங்கபா."

மாமா அசரவில்லை. "கறுப்பு இல்லீங்க சம்பந்தி. பூஞ்சையோட நெறம். வெளிச்சத்தை உள்ள வுட்டா பனைவெல்லம் மாதிரி பழுப்பு" என்று பையிலிருந்து மைக்ராஸ்கோப்பையே எடுத்து வெயிலில் வைத்துவிட்டார்! எங்கே போனாலும் அதைச் சுமப்பவர்தான், ஆனால் கல்யாணத்துக்குமா?

டப்பாவிலிருந்து துளி பூஞ்சைப் பொடியை எடுத்து அதில் வைக்க, மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்தார். "அட ஆமா. பழுப்பாத்தான் இருக்குது" என்று குரல் இறங்கியது. எனக்கு உயிர் வந்தது. அடுத்து மாமா புடவையிலிருந்து ஓர் இழையை உருவி வைத்து, தானே முதலில் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா, அதுவும் பழுப்புதானே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் சரியாகியிருக்கும். மாமா நிமிர்ந்தார். "இல்லீங்க. இது கறுப்புதான். தப்பு என்னுது."

நடந்தது இதுதான். எங்கள் ஊர்ச் சாயக்காரரிடம் நிறத்தின் பெயரைச் சொன்னால் போதாது, மாதிரி கொடுக்க வேண்டும். கொடுத்தால் அச்சு அசலாக அதே நிறத்தில் நூலைத் தோய்த்துத் தருவார். அரக்கைவிட அந்தப் பழுப்பு அழகு என்று மாமா பூஞ்சை படிந்த கல் சில்லைக் கொடுத்திருக்கிறார். சாயக்காரர் அதை வெறும் கண்ணால் பார்த்திருக்கிறார். ஊரார் மைக்ராஸ்கோப் இல்லாமல்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள் என்பது மாமாவுக்கு மறந்தே போயிருந்தது.

மாமா இதைச் சொன்னதும் சபை கொல்லென்று சிரித்தது. நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். "பொண்ணுக்கு நல்ல நாணம்" என்று போட்டோக்காரர் மெச்சினார். நாணமாவது! பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. அம்மா பெட்டியிலிருந்து தன் அரக்குப் புடவையை எடுத்துவர ஓடினாள். மாப்பிள்ளையின் அப்பா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பட்டம் கட்டும் நேரம் வந்தது. அதையும் தாய்மாமன்தான் கட்ட வேண்டும், மாமாவைக் காணோம். பின்கட்டில் தனியாக உட்கார்ந்து பூஞ்சைப் பொடி டப்பாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தவரை இழுத்து வந்தார்கள். மைக்ராஸ்கோப்புக்குத் தவிர வேறு எதற்கும் குனியாத அந்தத் தலை குனிந்திருந்தது. என் அவமானம் எல்லாம் அதன் முன்னே ஒன்றுமில்லை என்று தோன்றியது. என் நெற்றியில் பட்டத்தைக் கட்டினார். விரலில் ஒட்டியிருந்த கறுப்பு என் கன்னத்தில் ஈஷிக்கொண்டது.

"ஐயோ, இது வேறயா!" என்று அம்மா முந்தானையோடு பாய்ந்தாள். நான் அவள் கையைத் தள்ளினேன்.

"இருக்கட்டும்மா. திருஷ்டிப் பொட்டு."

மாப்பிள்ளையின் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுவும் சரிதான். நம்ம யாருக்கும் தோணல பாரு" என்றாள்.

கல்யாணப் போட்டோவில் அந்தக் கறுப்பு இன்றும் என் கன்னத்தில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் மச்சமா என்று கேட்பார்கள். "இல்லை, என் மாமா" என்பேன்.