அடித்தட்டு யாருக்கு?

இனிப் பொறுப்பதில்லை என்று கிடங்குக்காரர் முடிவு கட்டிவிட்டார். மழையில் ஊறிய ஷூவோடு அன்று காலை முதலாளியின் அறைக்குள் போயிருந்தார். அடிக்கொரு தரம் 'சளக், சளக்' என்று சத்தம். முதலாளி பேச்சை நிறுத்திவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். தவளை புகுந்துவிட்டதோ என்று சந்தேகமாம்!

வீட்டில் செருப்பு அலமாரி இல்லாமல் இல்லை. ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எல்லாத் தட்டுகளிலும் மனைவியின் ஆட்சி. ஊரார் சரக்கையெல்லாம் அங்குலம் வீணாகாமல் அடுக்கித் தருகிற மனிதரின் ஷூ மட்டும் வாசலுக்கு வெளியே காவல் கிடக்கிறது. அவர் அரண்மனையா கேட்டார்? அடித்தட்டு ஒன்று போதும்.

"இங்க பாரும்மா, எங்க கிடங்குல ஒரு சட்டம் உண்டு. ஒரே வேலைக்கு ஆகுற சரக்குக்கு அலமாரியில இடம் கிடையாது. நாலு வேலைக்கு ஆகணும். இல்லைன்னா வெளியே!"

சண்டைக்குத் தொண்டையைத் தயார் செய்துகொண்டுதான் சொன்னார். டீச்சரான அவளோ பள்ளிக்கூடத்தில் நல்ல பையனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நல்ல சட்டங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?"

"பின்னே? சட்டம்னா சட்டம்தான்."

நுணலும் தன் வாயால் கெடும். விசாரணை தொடங்கியது.

"இந்தக் கறுப்புச் செருப்பு?"

"நாள் பூரா நின்னு பாடம் நடத்த. கடைக்கு. எந்தத் துணிக்கும் சேரும்."

"வெள்ளை கான்வாஸ்?"

"நடக்க. பஸ்ஸைத் துரத்த. தேவைப்பட்டா உங்களையும்."

"தங்கக் கலர்? கல்யாணத்துக்கு மட்டும்தானே!"

"உங்க அக்கா வீட்டுக்கும்தான். அவங்க முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி காலைத்தானே பாக்குறாங்க?"

"ரப்பர் செருப்பு?"

"மழைக்கு, மொட்டை மாடிக்கு, கரப்பான் அடிக்க. நீங்கதான் கட்டில் மேல ஏறிடுறீங்களே."

கடைசியில் அடித்தட்டு வந்தது. அங்கே ஒரே ஜோடி. மாந்தளிர் நிறம், கணுக்காலில் வார் சுற்றிய ஹீல்ஸ். கிடங்குக்காரர் துள்ளினார்.

"மாட்டினியா! இதைப் போட்டுக்கிட்டு நீ எங்கயுமே போனதில்லை!"

"ஆமாங்க. ஒண்ணுக்கும் ஆகாது. எடுத்துடுங்க." அவள் குரல் இறங்கியது. "இதைப் பார்த்தா உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் வரலையா?"

வந்தது. நிச்சயமான புதிதில் இருவரும் முதன்முதலாக வெளியே போன நாள். இதே மாந்தளிர் நிறம். பாதி வழியில் வார் அறுந்தது. தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கொதிக்கிற சாலையில் இவர் குதித்துக் குதித்து நடந்தார். அவள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு இளகிவிடும்.

தோளில் கிடந்த துண்டால் ஹீல்ஸைத் துடைத்து, அவரே அடித்தட்டில், நட்டநடுவில் வைத்தார்.

பிறகு மெல்லக் கனைத்தார். "ஓரத்துல கொஞ்சம் இடம் இருக்கே. என் ஷூவை..."

"தாராளமா வைங்க. அது எதெதுக்கு ஆகும்?"

"கிடங்குக்குப் போக."

"அப்புறம்?"

"கிடங்குலேருந்து வர."

"சட்டம்னா..." என்று இழுத்தாள்.

"சட்டம்தான்" என்றார் கிடங்குக்காரர், ஈனசுவரத்தில்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து, பாலிதீன் உறை சுற்றிக் கொண்டுவந்தாள்.

"உங்க ஷூவை இதுல வைங்க. இனிமே ஒரு சொட்டுகூடப் படாது."

புத்தம்புதுப் பெட்டி. மேலே ஒரு படம். மாந்தளிர் நிறம், கணுக்காலில் வார்.

"அப்போ அந்த ஹீல்ஸ்..."

"அந்தப் பழசு அன்னைக்கே அறுந்துபோச்சேங்க! அதே மாதிரி கிடைக்காதான்னு கடை கடையா ஏறி, போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். அந்த நாளை நான் மறப்பேனா?"

கோபப்படுவதா, கொஞ்சுவதா என்று அவருக்கு விளங்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இப்போது கிடங்குக்காரரின் ஷூவுக்குத் தனி இடம் உண்டு. வாசலுக்கு வெளியேதான், ஆனால் மூடியோடு.